குளித்தவர் பெயர் எங்கே?

தூத்துக்குடிக் கல்லூரிகளில் வரலாறும் விலங்கியலும் மீன்வளமும் படிக்கும் மாணவ மாணவியருக்கும், அவர்களைக் கல்விச் சுற்றுலா கூட்டிச் செல்லும் ஆசிரியர்களுக்கும்,



இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகத்தில் அட்டையால் செய்த முகமூடிகள் இருக்கின்றன. 1884-இல் தொடங்கிய பெரிய அருங்காட்சியகம் அது. கண்டம் கண்டமாக வந்து சேர்ந்த பொருள்களுக்கு நடுவே அட்டைக்கு என்ன வேலை என்று தோன்றும். கதை இதுதான். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையில் டாரஸ் நீரிணை. அதில் மெர் என்றொரு சின்னத் தீவு. 1871-இல் அந்தப் பக்கம் கிறித்தவப் போதகர்கள் வந்த பின், மாலோ என்ற தெய்வத்துக்குத் தீவினர் செய்துவந்த சடங்கு நின்றுபோனது. சடங்கில் அணியும் முகமூடிகளும் அழிந்தன. 1898-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆல்பிரட் ஹேடன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அங்கே போய், அந்த ஆட்டத்தை ஒரு தரம் ஆடிக் காட்டும்படி கேட்டது. முகமூடிக்கு எங்கே போவது? பெரியவர்கள் நினைவிலிருந்தே அட்டையை வெட்டி, கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஹேடன் அதைச் சலனப்படமாகப் பிடித்தார். சினிமா பிறந்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் என்ன என்றால், டாரஸ் நீரிணையும் சிப்பிக் கடல்தான். அங்கேயும் ஆள்கள் மூச்சடக்கிக் குளித்தார்கள். அள்ளிய சிப்பியின் ஓடு மேல்நாட்டுச் சட்டைகளுக்குப் பொத்தானாகப் போனது. அந்தக் கடலின் மக்களும் அயலார் எழுதிய குறிப்பேடுகளுக்குள் போனார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு.

ஹேடன் குழுவில் வில்லியம் ரிவர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். பிற்பாடு நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இவரே. மெர் தீவில் அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதியது பெயர்களை: அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன, கூடப் பிறந்தவர்கள் யார், யாரை யார் கட்டினார். வம்சாவளி அட்டவணைகளாக அவை அச்சேறின. தொண்ணூற்று நான்கு ஆண்டு கழித்து, 1992 ஜூன் 3-ஆம் தேதி, ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மெர் தீவினர் தொடுத்த மாபோ வழக்கில் தீர்ப்பு சொன்னது. வெள்ளைக்காரர் வருமுன் அந்த மண் யாருக்கும் உரியதாக இல்லை என்ற பழைய சட்டக் கருத்தை அது தள்ளிவிட்டு, மெர் மக்களின் நிலவுரிமையை ஏற்றது. அந்த வழக்கில் கேம்பிரிட்ஜ் குழுவின் அறிக்கைகளும் சான்றாக வந்தன. ஹேடனுக்குத் தகவல் சொன்ன தீவினரில் பாசி என்பவர் முக்கியமானவர். வழக்குத் தொடுத்தவர்களில் அதே பெயர் தாங்கிய டேவிட் பாசி என்ற பாதிரியாரும் ஒருவர். பெயரைக் கேட்டு எழுதியதால் பின்னால் வந்தவர்களுக்கு அது பயன்பட்டது. 1998-இல் அந்த ஆய்வுப் பயணத்தின் நூற்றாண்டுக்குக் கேம்பிரிட்ஜ் ஒரு கண்காட்சி வைத்தபோது, தீவினரைக் கலந்துபேசித்தான் வைத்தது.

இனி நம் கரைக்கு வருவோம்.

1889-இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார். மறு ஆண்டே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றிக் குறிப்புகளை வெளியிட்டார். பழைய ஆவணங்கள் சலாபம் என்று சொல்லும் அந்தத் திருவிழாவை அவர் ஆர்வமாகவே எழுதியிருக்கிறார். விடியுமுன் தரைக்காற்றில் தோணிகள் பாருக்குப் புறப்படுவது, கடலடிப் பாறைத் திட்டான பாரின் மேல் நங்கூரம் போடுவது, குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து மூக்கைப் பிடித்தபடி இறங்குவது, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கூடை நிறைந்து மேலே வருவது. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடல்கட்டியும் அதில் வருகிறார். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் கூறு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

எல்லாம் இருக்கிறது. தோணி எத்தனை, சிப்பி எத்தனை லட்சம், வருமானம் எத்தனை ரூபாய் என்று கணக்குகூட இருக்கிறது. குளித்தவர்கள்தான் தலைக்கணக்காக மட்டும் வருகிறார்கள்.

தர்ஸ்டன் அடுத்து எடுத்த கருவி உடலை அளக்கும் காலிப்பர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் கடற்கரையின் பரதவர் பற்றிய பகுதியில் சாதித் தலைவரின் விருதுகள், முத்துக்குளிப்பில் அவருக்கு இருந்த தோணி உரிமை எல்லாம் வரும். ஆனால் அந்தத் தொகுதிகள் முழுக்க அவருக்கு இருந்த பெரிய ஆசை மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுப்பதில். ஒரு மனிதனிடம் கேட்க எவ்வளவோ இருக்க மூக்கை அளந்தது அந்தக் காலத்து அறிவியலின் வறுமை என்றுதான் சொல்ல வேண்டும். ரிவர்ஸ் பெயர் எழுதியதும் அதே காலத்தில்தான் என்பதால் காலத்தின் மேல் மட்டும் பழி போடவும் முடியவில்லை.

ஆதிச்சநல்லூருக்கும் இந்த அளவுகோல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் பேருந்தில் போகிற எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பரம்பில், 1876-இல் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதன்பின் அலெக்சாண்டர் ரீ 1899 தொட்டுச் சில ஆண்டுகள் தோண்டினார். தாழிகள், இரும்பு வேல்கள், வெண்கலக் கிண்ணங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் என அவர் கண்டவை சென்னை எழும்பூருக்குச் சென்றன. 1915-இல் அட்டவணை அச்சானது. எலும்புகளை வைத்து இவர்கள் எந்த இனம் என்ற விசாரணை ஆரம்பித்து, 1930-இல் சக்கர்மன் எழுதிய ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகள் என்ற அறிக்கையைச் சென்னை அருங்காட்சியகமே வெளியிட்டது. இன்றும் அந்த மண்டை ஓடுகளை வைத்து இன்ன இனம் இத்தனை விழுக்காடு என்று செய்தித்தாளில் வந்தால் நம்மில் பாதிப்பேர் நம்பிவிடுகிறோம். நூறாண்டுக்கு முந்தைய காலிப்பரின் நிழல் அவ்வளவு நீளம்.

2020 மத்திய பட்ஜெட்டில் ஐந்து முக்கியத் தொல்லியல் தலங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அங்கே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்; தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்ட தள அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கண்ணாடியில் நின்று கீழே பார்த்தால் தாழிகள் புதைத்தபடியே கிடக்கின்றன. போகாதவர்கள் முதலில் இங்கே போய்விட்டு மற்ற ஊர்களுக்குப் போகலாம். பெர்லினில் இருப்பதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது. கேட்க வேண்டியதுதான். அதற்கு முன்பு அங்கே இருப்பவற்றின் முழுப் பட்டியலையும் ஒவ்வொன்றின் படத்தையும் கேட்டுப் பெற்றால், கோரிக்கை மேடைப் பேச்சாக நின்றுவிடாது.

இப்போது ஜேம்ஸ் ஹார்னெல். தூத்துக்குடி மாணவர்கள் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆள். 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனுக்குத் துணையாக இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்தவர். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையில் முத்து, சங்குக் குளிப்புகளைப் பார்த்துக்கொண்டு, அந்தத் துறையின் இயக்குநராகவும் ஆனார். 1914-இல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றித் தனி நூல் எழுதினார். கடல் உயிரியல் அதிகாரி எழுதியதாயிற்றே, சிப்பியும் நத்தையுமாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தால் மானிடவியலும் நிறைய இருக்கிறது. தூத்துக்குடிச் சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போய், டாக்காவின் சாங்காரிகள் கையில் கல்யாணமான பெண்களின் வளையாக மாறுவதை அவர் பின்தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து, பிறை வடிவப் பெரிய இரும்பு வாளை இரண்டு கையாலும் பிடித்து அறுக்கும் அந்த வேலை, அறுபட்ட ஓட்டில் விட்டுச் செல்லும் தடம் அவருக்குப் பாடமாகிவிட்டது. அப்புறம் கொற்கையிலும் பழைய காயலிலும் மண்ணில் கிடந்த சங்குத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். அதே அறுப்புத் தடம். வங்காளத்துக்குப் போகும் தொழில் ஒரு காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்திலேயே நடந்திருக்கிறது என்று சொல்ல அவருக்கு அந்தத் துண்டுகள் போதுமாக இருந்தன.

தொல்லியலும் மானிடவியலும் ஏன் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் கரையில் கிடையாது. உயிரோடு இருக்கும் கைவினைஞரின் வாளைப் பார்த்தவருக்குத்தான் செத்துப்போன பட்டறையின் கழிவு என்னவென்று தெரிந்தது.

அதே ஹார்னெல் வழி தவறியதும் உண்டு. பரதவரின் படகுகளில் பாலினேசியச் சாயல் இருக்கிறது, இவர்களே அங்கிருந்து வந்த கலப்பாக இருக்கலாம் என்று 1920-இல் ஒரு கோட்பாடு கட்டினார். ஆய்வுலகம் அதை ஏற்கவில்லை. ஆனால் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தோணிக்கும் அவர் எடுத்து வைத்த விவரங்களுக்கு மதிப்புக் குறையவில்லை. ஓய்வு பெற்றபின் கேம்பிரிட்ஜின் அதே ஹேடனோடு சேர்ந்து பசிபிக் தீவுகளின் படகுகள் பற்றி 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். மெர் தீவையும் தூத்துக்குடியையும் சேர்க்கும் கயிறு இந்த இருவர்தான்.

சரி, கல்விச் சுற்றுலாவுக்கு அருகில் எங்கே போவது? கேம்பிரிட்ஜுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அங்குள்ள அருங்காட்சியகத்தின் பொருள் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தோண்டியெடுத்தவை நிறைய. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் உறையூரையும் திருக்காம்புலியூரையும் அழகரையையும் தோண்டியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் பிறந்த கொஞ்ச காலத்திலேயே, 1985 தொடங்கி நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியது. மன்னார் வளைகுடாக் கரையில் பெரியபட்டினத்தையும் தோண்டி, சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டது. பயணத் திட்டத்தில் இந்தத் துறைகளின் சேகரிப்பைப் பார்க்க முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கி வையுங்கள். பெரிய கோயிலுக்கு வந்த இடத்தில் அரை மணி நேரம் எட்டிப் பார்ப்பதற்கான இடமில்லை அது.

கொடுமணல் சேகரிப்பில் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சங்கு வளையல் துண்டுகள். ஈரோடு மாவட்டத்தின் உள்நாட்டு ஊருக்குச் சங்கு தானாக நடந்து போயிருக்காது. கடலிலிருந்து ஒருவர் மூச்சடக்கி எடுத்து, ஒருவர் சுமந்து, ஒருவர் அறுத்திருக்கிறார். அந்த ஓட்டைப் பார்த்து உயிரோடு எடுத்த சங்கா, செத்துக் கரை ஒதுங்கிய சங்கா என்று சொல்லக் கூடியவர்கள் இன்றும் நம் ஊர்த் திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். உங்கள் பேருந்தில் ஓர் இருக்கையை அப்படி ஒருவருக்கு ஒதுக்கினால் வழிகாட்டிக்கே வழி காட்டுவார்.

இரண்டாவது, பெயர் கீறிய பானை ஓடுகள். கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ தம் சட்டியில் தமிழ்ப் பிராமியில் கீறி வைத்திருக்கிறார்கள். அரசர்களாக இருந்தால் வேறெங்கோ வந்திருக்கும் அவர்கள் பெயர். தொழில் செய்தும் வியாபாரம் செய்தும் பிழைத்தவர்கள். ஏறக்குறைய அதே காலத்தில் கிரேக்கர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்லும்போது, தண்டனைக் கைதிகளை வைத்து எடுத்தார்கள் என்கிறது. அதற்குப் பிந்தைய இரண்டாயிரம் ஆண்டில் மார்க்கோ போலோ வந்தார், போர்ச்சுகீசியர் வந்தனர், 1658-இல் டச்சுக்காரர், பின் ஆங்கிலேயர். எல்லோரும் முத்துக்குக் கணக்கு வைத்தார்கள். கொடுமணலில் ஒரு சட்டிக்காரருக்குக் கிடைத்த இடம் நம் குளியாள்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

இதற்கு இன்னும் வழி இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நம் பக்கத்துக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு பார்களில் போதிய சிப்பி விளையவில்லை. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழு வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. அது ஆய்வகத்தின் கதை, அதில் பெயர் உண்டு. 1961-இல் பதினெட்டு வயதில் கல்லில் கால் வைத்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் எந்தப் பாரில் இறங்கினார், கயிறு பிடித்தது மைத்துனனா அண்ணனா, அந்த வருடப் பங்கில் என்ன வாங்கினார்கள், கடல்கட்டி என்ன முணுமுணுத்தார் என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லாதவை. சங்கு குளிப்பவர்களின் கதை வேறு. அவர்கள் இன்றும் இறங்குகிறார்கள், முகமூடிக் கண்ணாடியும் கால் துடுப்பும் மாட்டிக்கொண்டு. அளவு வளையத்துக்குள் விழும் சிறு சங்கைக் கடலிலேயே விட்டுவிடும் பழைய அரசு விதியைத் தாத்தாமார் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகுமுன் கையில் ஒரு படிவம் தயார் செய்துகொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண், கிடைத்த இடம், கொடுத்தவர், வந்த தேதி என்று எழுதியிருக்கும். கொடுத்தவர் என்ற இடத்தில் பெரும்பாலும் அதிகாரி பெயரோ ஆய்வாளர் பெயரோதான் இருக்கும். செய்தவர், பயன்படுத்தியவர் என்று இரண்டு வரிகளை உங்கள் படிவத்தில் கூட்டுங்கள். திரும்பி வந்து அதே படிவத்தைக் கொண்டு ஊரில் வேலையைத் தொடங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல், கயிறு, சிப்பி சலித்த சல்லடை எதையும் வாங்கி வரவே வேண்டாம். படம் எடுத்து, அளவு குறித்து, அங்கேயே விட்டு வாருங்கள். இந்தக் கரையிலிருந்து போனது போதும். பேச்சைப் பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேளுங்கள். பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தி எழுதிய பெயர் தர்ஸ்டனின் மூக்களவுக்குச் சமம். பதிவின் ஒரு நகல் அந்தக் குடும்பத்துக்கு, ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. இன்று அது ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்பு. வரலாற்றுத் துறைகள் உள்ள கலைக் கல்லூரிகளும் இதே ஊரில் இருக்கின்றன. உயிரினத்தின் பெயர் தெரிந்தவர்களும் மனிதரின் பெயர் கேட்கத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்றால், ஹார்னெல் என்ற தனி ஆள் செய்ததை இத்தனை துறைகள் சேர்ந்தும் செய்யவில்லை என்றாகும். ஒரு பருவத்துக்குப் பத்து மாணவர்களைச் சேர்த்துக் களப்பணி மதிப்பெண்ணாக இதை வையுங்கள். மதிப்பெண் இருந்தால் வேலை நடக்கும்; இது எல்லா ஆசிரியரும் அறிந்த உண்மை.

திரேஸ்புரத்துக்குக் காலையில் போகாதீர்கள். சங்குக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். மாலையில், சங்கை எண்ணிக் கொடுத்து முடித்த பிறகு போங்கள். பெரியவர்களும் அப்போதுதான் வெளியே வந்து உட்கார்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்